1,826 மாத்திரைகளின் வரவு செலவு

ஐந்து வருடத்துக்கு 1,826 மாத்திரை. இடையில் இரண்டு லீப் வருடம் வந்தால் 1,827. பத்து மாத்திரை கொண்ட அட்டையாக வாங்கினால் 183 அட்டை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, கரண்ட் வைப்பதும் முடிந்த பிறகு, "இனிமே தினம் ஒரு மாத்திரை மட்டும்தாம்மா" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டின் முழு அளவு இது.

வீட்டில் எல்லோரும் சிகிச்சை முடிந்தது என்று மூச்சு விடுகிற நாளில்தான் இந்தக் கணக்கு தொடங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். உடன் இருந்தவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடுராத்திரி வியர்த்து நனைவதும், காலையில் விரலை மடக்க முடியாமல் பல்துலக்கியைப் பிடிக்கத் திணறுவதும் அந்த ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளும் அதை வயதின் மேல் போட்டுவிடுவாள். அப்படிச் சொல்லாமல் விட்டது என்றோ ஒரு நாள் மாத்திரையையும் சொல்லாமல் நிறுத்துவதில் முடிகிறது. இந்தக் கணக்கை நான் எழுதுவது அதைத் தடுக்கத்தான்.

2022-இல் இந்தியாவில் புதிதாக 1,92,020 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அல்லது அதற்கும் சற்று மேல், ஈஸ்ட்ரோஜனால் ஊட்டம் பெறும் வகை. பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருந்தால் அந்த வகை. ஹார்மோன் மாத்திரை அவர்களுக்குத்தான்.

முதலில் எடைக் கணக்கு. ஐந்து வருடத்தில் உடம்புக்குள் போகும் மருந்து இவ்வளவு:

டமாக்சிஃபென், தினம் 20 மி.கி. — 36.5 கிராம்
எக்ஸிமெஸ்டேன், தினம் 25 மி.கி. — 45.7 கிராம்
லெட்ரோசோல், தினம் 2.5 மி.கி. — 4.6 கிராம்
அனஸ்ட்ரோசோல், தினம் 1 மி.கி. — 1.8 கிராம்
கோசெரலின் ஊசி, 28 நாளுக்கு ஒன்று — 65 ஊசி

அனஸ்ட்ரோசோல் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து இரண்டு கிராம்கூட இல்லை. அவ்வளவு சிறிய அளவு உடம்பு முழுவதும் உணரப்படுவதற்குக் காரணம், அது போய் மூடும் குழாய் அப்படிப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வருவதில்லை. கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி வழியாகக் கொஞ்சம் உற்பத்தியாகும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை நிறுத்துகின்றன. டமாக்சிஃபென் வேறு வழியில் வேலை செய்கிறது: ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கும் கொடுக்க முடிவது அதனால்தான். கோசெரலின் ஊசி சினைப்பையையே உறங்க வைக்கிறது; இளம் வயதில் நோய் கடுமையாக இருந்தால் அதையும் சேர்ப்பார்கள்.

டமாக்சிஃபென் பிறந்தது கருத்தடை மருந்து தேடிய ஒரு முயற்சியில். 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய பொருளுக்கு அப்போது பெயர்கூட இல்லை, 46,474 என்ற எண்தான். கருத்தடைக்கு அது உதவவில்லை. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் குழுவினர் முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. அன்று இருந்த ஹார்மோன் மருந்துகளோடு ஒப்பிட்டால் பக்கவிளைவு குறைவு என்பதும் அந்த அறிக்கையில் முக்கியமாகச் சொல்லப்பட்டது.

காசுக் கணக்கு சுருக்கமானது. மாத்திரை ஒன்றுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் ஐந்து வருடத்தில் 1,826 ரூபாய். ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றால் 9,130. பத்து என்றால் 18,260. கடையில் கொடுக்கும் பிராண்டை அப்படியே வாங்காமல், சீட்டில் எழுதிய மூலப்பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பார்ப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான். செக்-அப்புக்கு ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகையும், படுக்கை வகுப்பில் முழுச் சலுகையும் உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கும் 75 சதவீதம். இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரையின் பெரிய செலவு ரூபாயில் இல்லை என்பதால் வரவுப் பக்கத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2011-இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது. டமாக்சிஃபென் எடுக்காத 100 பேரில் 15 வருடத்துக்குள் நோய் திரும்பியது 46 பேருக்கு. ஐந்து வருடம் எடுத்தவர்களில் 33. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எடுக்காதவர்களில் 33, எடுத்தவர்களில் 24. அதாவது நூற்றுக்கு ஒன்பது உயிர். மாத்திரை போட்டது ஐந்து வருடம்; பாதுகாப்பு பதினைந்தாவது வருடத்திலும் குறையாமல் இருந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அரோமடேஸ் மாத்திரைகள் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் தருகின்றன: 2015-இல் வந்த தொகுப்பில் பத்து வருட மரணம் டமாக்சிஃபெனுக்கு 14.2 சதவீதம், அரோமடேஸ் வகைக்கு 12.1.

இனி பற்றுப் பக்கம்.

முதலில் சூடு. கழுத்திலிருந்து குப்பென்று ஏறி, முகம் தகித்து, ஜாக்கெட் நனைந்து, பிறகு குளிரெடுக்கும். அனஸ்ட்ரோசோலையும் டமாக்சிஃபெனையும் 9,366 பெண்களிடம் ஒப்பிட்ட ஏடாக் ஆய்வில் இது முதல் மருந்தில் 35.7 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 40.9 சதவீதம் பேருக்கும் இருந்தது. இங்கே இன்னொரு எண்ணையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நோயில்லாத பெண்களிடம் நடந்த தடுப்பு ஆய்வில், தொல்லை தரும் அளவுக்குச் சூடு வந்தது டமாக்சிஃபென் எடுத்தவர்களில் 45.7 சதவீதம்; வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 28.7. மருந்துக்கு உரியது அந்த இடைவெளி மட்டும். மற்றது அந்த வயதுக்கே உரியது. ஆனால் எதனால் வந்தாலும் தூக்கம் கெடுவது ஒரே மாதிரிதான், அதற்கு வைத்தியமும் இருக்கிறது.

வென்லாஃபாக்சின் என்ற மருந்து மனச்சோர்வுக்காக வந்தது. 191 பெண்களிடம் சோதித்து 2000-இல் வெளியான முடிவு: நான்காவது வாரத்தில் சூட்டின் அளவு மாவு மாத்திரையில் 27 சதவீதம் குறைந்தது, 37.5 மி.கி. கொடுத்ததில் 37, 75 மி.கி. கொடுத்ததில் 61. அளவை 150 ஆக்கியும் அதே 61தான். 75-க்கு மேல் ஏற்றிப் பயனில்லை என்று அந்த ஒரு வரிசையே சொல்லிவிடுகிறது. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் 900 மி.கி., 420 பெண்களிடம் எட்டாவது வாரத்தில் 46 சதவீதம் குறைத்தது. மாவு மாத்திரை 15. மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 96 பெண்களோடு நடத்திய பயிற்சி இருக்கிறது. வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம், கூட்டமாக உட்கார்ந்து மூச்சைச் சீராக்கவும், சூடு வரும்போது ஓடும் எண்ணங்களைக் கையாளவும் கற்றுக்கொண்டார்கள். சூடு வரும் தடவைகளை எண்ணாமல், அது தரும் தொல்லையை அளந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் 46 சதவீதம் குறைந்தது, மற்றவர்களிடம் 19. ஒன்பது மணி நேர முதலீட்டுக்கு இது பெரிய லாபம் என்பது என் எண்ணம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு கவுன்சிலரும் ஒரு அறையும் இருந்தால் இதை நடத்த முடியும்.

டமாக்சிஃபென் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு எச்சரிக்கை இங்கேதான் வருகிறது. கல்லீரலில் ஒரு நொதி டமாக்சிஃபெனை எண்டாக்சிஃபென் ஆக மாற்றினால்தான் அதற்கு முழு வலு. பராக்சிட்டின், ஃப்ளுவாக்சிட்டின் என்ற இரண்டு மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை முடக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வந்த கணக்கு: டமாக்சிஃபென் காலத்தில் 41 சதவீதம் பராக்சிட்டினும் சேர்ந்து ஓடியிருந்தால், ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் கூடுதலாக மார்பகப் புற்றுநோயால் இறந்திருக்கிறார். தூக்கத்துக்கு, பதற்றத்துக்கு என்று வேறு டாக்டரிடம் போகும்போது டமாக்சிஃபென் அட்டையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மஞ்சளைப் பற்றியும் கேட்பார்கள். ரோட்டர்டாமில் 16 பெண்களுக்கு டமாக்சிஃபெனோடு தினம் 3.6 கிராம் குர்குமினும் மிளகுச் சத்தும் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. 3.6 கிராமுக்கு 120 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். எந்தச் சாம்பாரிலும் அவ்வளவு விழாது. சமையல் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். 'இயற்கை' என்று எழுதி விற்கும் மாத்திரை வடிவ மஞ்சளைத்தான் டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது.

அரோமடேஸ் மாத்திரைகளின் பெரிய பற்று மூட்டு. கட்டை விரல் அடி, மணிக்கட்டு, முழங்கால், குதிகால். உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடி நடப்பது கஷ்டம், நடக்க நடக்கச் சரியாகும். ஏடாக்கில் அனஸ்ட்ரோசோல் எடுத்தவர்களில் 35.6 சதவீதம் பேருக்கு மூட்டு வலி. நேரடியாகப் பெண்களிடம் கேட்டு எழுதிய நியூயார்க் ஆய்வு ஒன்றில் 47 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். டாக்டர் குறித்த எண்ணும் பெண்கள் சொன்ன எண்ணும் இப்படி விலகி நிற்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கேட்டால் சொல்கிறார்கள். கேட்காவிட்டால் ஃபைலில் ஏறுவதில்லை.

இதற்கு இருக்கும் மருந்துகளில் மலிவானது நடை. யேல் பல்கலைக்கழகம் 121 பெண்களிடம் நடத்திய ஆய்வில் வாரம் 150 நிமிடம் வேக நடையும், இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் ஒரு வருடம். மிக மோசமான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு 3 சதவீதம் கூடியது. 150 நிமிடம் என்பது நாளைக்கு 21 நிமிடம், வருடத்துக்கு 130 மணி நேரம். வலிக்கிற காலோடு நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும், முதல் மாதத்தில் அப்படித்தான் இருக்கும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதான் என்று சொல்லி இந்த 21 நிமிடத்தைப் பறிக்காமல் இருப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் பங்கு. அடுத்தது டுலாக்செட்டின் என்ற மருந்து: 299 பேரிடம் சோதித்ததில் பத்துக்கு வைக்கும் வலி மதிப்பெண்ணில் மாவு மாத்திரையைவிட 0.82 கூடுதலாகக் குறைத்தது. அக்குபங்சர், 226 பேர்: உண்மை ஊசியில் 2.05 குறைவு, போலி ஊசியில் 1.07. இரண்டுமே உதவுகின்றன, அளவோடு.

இன்னொரு வழியைப் பலர் கேட்டதே இல்லை: மாத்திரையை மாற்றுவது. பிரான்சில் 179 பெண்கள் மூட்டு வலி தாங்காமல் அனஸ்ட்ரோசோலை நிறுத்தினார்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டு லெட்ரோசோல் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் 71.5 சதவீதம் பேர் தொடர்ந்தார்கள். இரண்டும் ஒரே நொதியைத்தான் நிறுத்துகின்றன, ஆனாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு இன்னொன்று ஒத்துப்போகிறது. அதுவும் முடியாவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. 'இந்த மாத்திரை எனக்கு ஆகாது' என்பது 'ஹார்மோன் சிகிச்சையே ஆகாது' என்பதாக மாற வேண்டியதில்லை.

எலும்பு வலிக்காமல் தேயும், அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும். ஐந்து வருட அனஸ்ட்ரோசோலில் இடுப்புத் தண்டுவடத்தின் அடர்த்தி 6.1 சதவீதமும், தொடை எலும்பு மூட்டில் 7.2 சதவீதமும் குறைந்தது. எலும்பு முறிவு 11 சதவீதம். டமாக்சிஃபென் பக்கம் 7.7. ஆனால் தொடக்கத்தில் அடர்த்தி சரியாக இருந்த ஒருவருக்குக்கூட அந்த ஐந்து வருடத்தில் எலும்புப்புரை வரவில்லை. அதனால்தான் மாத்திரை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் முக்கியம். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

கால்சியம் தினம் 1,200 மி.கி. வேண்டும். 200 மி.லி. பால் இரண்டு டம்ளர் 480. கேழ்வரகு நூறு கிராம் சுமார் 350. எள் பத்து கிராம் சுமார் 130. மொத்தம் 960. மீதியை மோரும் கீரையும் ஈடுசெய்யும். அகத்திக்கீரை நூறு கிராமில் ஆயிரத்தை ஒட்டி இருந்தாலும் முழுவதும் உடம்பில் சேராது. ஐந்து வருடத்துக்குக் கூட்டினால் 2.2 கிலோ கால்சியம். 1.8 கிராம் மாத்திரைக்கு எதிராக எலும்பைக் காக்க வேண்டிய அளவு அது. வைட்டமின் டி இவ்வளவு வெயிலிலும் நம் பெண்களிடம் குறைவாகவே இருக்கிறது, ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. அடர்த்தி குறைந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி உண்டு. அவற்றில் டெனோசுமாப் என்பது 3,425 பெண்களிடம் எலும்பு முறிவை 176-லிருந்து 92 ஆகக் குறைத்தது. ஆனால் அதை இடையில் நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. தொடங்கும் முன்பே எப்போது, எப்படி நிறுத்துவோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

டமாக்சிஃபென் பக்கம் பயமுறுத்துவது கர்ப்பப்பைப் புற்றுநோய். தடுப்பு ஆய்வின் எண்கள் ஆயிரம் பேருக்கு ஒரு வருடத்தில்: 50 வயதுக்கு மேல் 3.05, மாவு மாத்திரையில் 0.76. 50 வயதுக்குள் 1.32-உம் 1.09-உம், அதாவது பெரிய வித்தியாசமில்லை. நுரையீரலில் ரத்தம் உறைவது ஆயிரத்துக்கு 0.69, மாவு மாத்திரையில் 0.23. சிறிய எண்கள்தான், ஆனால் இவை காத்திருக்கக் கூடாதவை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும், திடீரென்று மூச்சு இரைத்தாலும் அடுத்த செக்-அப் தேதி வரை பொறுக்கக் கூடாது. வேறு எந்த ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாலும் டமாக்சிஃபென் எடுப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எந்த ஃபைலிலும் ஏறாத ஒரு பற்று இருக்கிறது. பெண்ணுறுப்பு வறண்டு, எரிந்து, தாம்பத்தியம் வலியாகிவிடுவது. கணவரிடம் சொல்ல முடியாது, அம்மாவிடம் சொல்ல முடியாது, பின்னால் வரிசை நிற்கும் ஓ.பி.யில் டாக்டரிடமும் சொல்ல முடியாது. ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் கிரீமும் வழுவழுப்பு ஜெல்லும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன, முதலில் அவைதான். ஈஸ்ட்ரோஜன் கிரீமைத் தானாக வாங்கிப் போடக் கூடாது: டென்மார்க்கில் 8,461 பெண்களின் பதிவுகளில், அரோமடேஸ் மாத்திரையோடு அதைப் பயன்படுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறப்பு கூடவில்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுத்தால்கூடப் போதும்.

சொல்லாமல் விடுவதற்கு என்ன விலை? வட கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துக் கடைப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். நாலரை வருடத்துக்குள் 32 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள். முழுக் காலமும் சரியாக எடுத்தவர்கள் 49 சதவீதம். பத்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள், தொடர்ந்தவர்களில் 80.7 சதவீதம், நிறுத்தியவர்களில் 73.6. இடையில் உள்ள 7.1 வெறும் சதவீதம் இல்லை, நூறு வீடுகளில் ஏழு அம்மாக்கள். நிறுத்தியவர்கள் அலட்சியக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. சூடும் வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து அழுத்தும்போது யாரும் அவர்களிடம் 'எப்படி இருக்கிறது' என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

எப்போதாவது ஒரு நாள் மறந்துபோவது வேறு. டமாக்சிஃபென் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல் ஒன்று.

டாக்டரோடு பேசி, திட்டமிட்டு நிறுத்துவதும் வேறு. குழந்தை வேண்டும் என்று 516 இளம்பெண்கள் ஒன்றரை வருடமாவது மாத்திரை எடுத்தபின் இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டார்கள். 2023-இல் வந்த முடிவு: மூன்று வருடத்தில் நோய் திரும்பியது 8.9 சதவீதம், இடைவெளி விடாத ஒப்பீட்டுக் குழுவில் 9.2. நீண்ட காலக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் 'குழந்தையா, மாத்திரையா' என்று அழுத பெண்களுக்கு இது பெரிய செய்தி. டமாக்சிஃபென் எடுக்கும்போதே கரு தரிப்பது மட்டும் கூடவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து.

ஐந்து வருடம் முடிந்தபின் தொடர்வதா என்பதற்கும் இரு பக்கமும் எண்கள் உண்டு. அட்லஸ் ஆய்வில் டமாக்சிஃபெனைப் பத்து வருடத்துக்கு நீட்டியவர்களில் ஐந்தாவது வருடத்திலிருந்து பதினான்காவது வருடம் வரை மார்பகப் புற்றுநோய் மரணம் 12.2 சதவீதம், ஐந்தோடு நிறுத்தியவர்களில் 15. அதே காலத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய் 3.1 சதவீதம், நிறுத்தியவர்களில் 1.6, அதனால் இறந்தவர்கள் 0.4-உம் 0.2-உம். மாதவிடாய் நின்றவர்களுக்கு வேறு கணக்கு. ஆஸ்திரியாவில் 3,484 பேருக்கு, முதல் ஐந்து வருடம் முடிந்தபின், அனஸ்ட்ரோசோலை இன்னும் இரண்டு வருடமும் இன்னும் ஐந்து வருடமும் கொடுத்து ஒப்பிட்டார்கள். நோயின்றி இருந்தவர்கள் 73.6 சதவீதமும் 73.9 சதவீதமும். எலும்பு முறிவு 4.7 சதவீதமும் 6.3 சதவீதமும். மூன்று வருடம் கூடுதலாக விழுங்கிய 1,095 மாத்திரைக்குக் கிடைத்தது முறிவு மட்டும்தான். அக்குளில் எத்தனை நெறிக்கட்டிகள் பாதிக்கப்பட்டன, கட்டி எவ்வளவு பெரியது, டெக்ஸாவில் எலும்பு எப்படி இருக்கிறது, கர்ப்பப்பை இருக்கிறதா எடுத்தாயிற்றா என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் விடை மாறும். நாலரை வருடத்தில் வரும் செக்-அப்பிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், டாக்டருக்கும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்து முடிவெடுக்க ஆறு மாதம் கிடைக்கும்.